மணல் வரைக்கும் தோண்டச் சொன்னவன்

செல்வி,

இந்தக் காகிதங்களை உன் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். நீ ஓசூர் போய்ச் சேர்ந்து, விடுதி அறையில் பெட்டியைத் திறக்கிறபோது கையில் கிடைக்கும். நேரில் சொல்லியிருக்கலாம். போன வாரம் சாப்பிடும்போது நீ கேட்டாய்: "நைனா, அந்த பிளேட்டிங் பட்டறைல நீ ஃபோர்மேனா இருந்தேன்னு அம்மா சொல்லுது. அத்த வுட்டுட்டு ஏன் பஸ் டெப்போல ஹெல்ப்பரா சேர்ந்த?" அந்த ஆசிட் வாடை ஒத்துக்கவில்லை என்றேன். உன் அம்மா என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு உனக்கு ரசம் ஊற்றினாள். தொழிற்சாலை ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போகிற பெண்ணிடம் பொய் சொல்லி அனுப்புவதா என்று நாலைந்து நாளாக மனசு குடைந்துகொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு நீ என்னைப்பற்றி என்ன நினைத்தாலும் சரிதான்.

நானும் உன் தாத்தாவும் பாரிவாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துக் கஞ்சி குடித்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். அம்பத்தூர் பக்கம் தொழிற்பேட்டை வந்த புதிதில், சேற்றில் நின்ற காலோடு வந்து பட்டறை வேலையில் சேர்ந்தவர்களில் நானும் ஒருத்தன். சைக்கிள் ஹேண்டில்பார், மட்கார்டு, ஸ்டவ் தலை என்று துருப்பிடித்த மாதிரி வரும் இரும்பெல்லாம் எங்கள் பட்டறையில் மின்சாரம் பாய்ச்சின தொட்டி தொட்டியாக முங்கி எழுந்து, முலாம் ஏறிக் கண்ணாடி மாதிரி வெளியே போகும். முதலில் நிக்கல், கடைசியில் குரோமியம். குரோமியத் தொட்டியில் இருக்கும் தண்ணீர் கருஞ்சிவப்பாக இருக்கும். அதில் ஒரு சொட்டு ஒரு வாளித் தண்ணீரில் விழுந்தால் வாளி முழுக்க எலுமிச்சை மஞ்சளாகிவிடும். என் நகங்கள் அந்த நாளில் எப்போதும் மஞ்சள்தான். விரல் கணுக்களில் சின்னச் சின்னக் குழி விழும். வலிக்காது, சீக்கிரத்தில் ஆறவும் ஆறாது. நீ சின்னப் பிள்ளையில் அந்தக் குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாய். எனக்கு அதில் பெருமைதான் இருந்தது. மண்ணைக் கிண்டிய கை மின்சார வேலை செய்கிறதே என்ற பெருமை.

பளபளப்பாக்கின சாமானைக் கழுவின தண்ணீர் தினமும் வாளி வாளியாகச் சேரும். பட்டறைக்குப் பின்னால் இடுப்பளவுக்கு ஒரு பள்ளம் வெட்டி அதில் கொட்டுவோம். அங்கே மேலே இருப்பது களிமண். கொட்டினது நாள்கணக்கில் அப்படியே நின்றது. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "பார்ட்டிங்க வந்து பார்த்தா அசிங்கமா இருக்குப்பா, ஏதாவது பண்ணு" என்றார். எனக்கு வயல் வேலை தெரியுமே. மணல் பாங்கான நிலத்தில் தண்ணீர் நிற்காது என்பது சின்ன வயதிலிருந்து பார்த்தது. "களியைத் தாண்டித் தோண்டினா மணல் வரும் முதலாளி, மணலு குடிச்சிடும்" என்றேன். இரண்டு ஆட்களை வைத்து நானே நின்று தோண்டவைத்தேன். இரண்டு ஆள் ஆழத்தில் ஈரமணல் வந்தது. அன்று மாலை தேங்கியிருந்ததையெல்லாம் அதில் விட்டோம். ஒரு மணி நேரத்தில் பள்ளம் காலி. முதலாளி என் முதுகில் தட்டினார். அந்த மாசமே என்னை ஃபோர்மேன் ஆக்கினார். வீட்டுக்கு அல்வா வாங்கிவந்தேன். எதற்காக அல்வா என்று நீ கேட்டாய். "உங்க நைனாவுக்கு மூளை கீதுன்னு முதலாளி கண்டுபுடிச்சிட்டாரு" என்றாள் அம்மா. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அந்த மணல் நாங்கள் கொடுத்ததையெல்லாம் குடித்தது. எங்கே போகிறது என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. மண்ணுக்குள் போனது மண்ணோடு போச்சு என்று நினைத்தேன்.

அப்போது நாம் இருந்தது பட்டறைக்குக் கிழக்கே, அயனம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில் இருந்த ஒண்டுக்குடித்தனம். தெருவில் குழாய் கிடையாது. பாதிக் கிணறுகள் உப்பு. ஞானம் வீட்டு உறைக்கிணறுதான் நல்ல தண்ணீர். நீ "ஞானம் அத்தை" என்று கூப்பிடுகிறாயே, அதே ஞானம்தான். அவள் புருஷன் ஏசுதாஸ் பஸ் டெப்போவில் மெக்கானிக். வீட்டை ஒட்டி அரைக் காணி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அவள் கீரை போட்டிருந்தாள். விடியும் முன்னே பறித்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் விற்றுவிட்டு, பள்ளிக்கூட மணி அடிக்கும் முன் பிள்ளைகளுக்குச் சோறு கட்ட வந்துவிடுவாள். தெருவில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் அவள் கிணற்றில் இறைத்தது. ஒருவரையும் அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை.

நீ ஐந்தாவது படித்த வருஷம், மழைக்காலம் முடிந்து பனி இறங்கின சமயம். அவள் கீரைப் பாத்திகளில் இலை ஓரம் கருகத் தொடங்கியது. பூச்சி என்று நினைத்துச் சாம்பல் தூவிப் பார்த்தாள். கேட்கவில்லை. ஒருநாள் காலையில் நான் சைக்கிளை எடுக்கிறபோது வழியில் நிறுத்தினாள். கையில் வெள்ளை எனாமல் கிண்ணத்தில் தண்ணீர். "அண்ணாத்தே, கெணத்துல பாத்தா ஒண்ணும் தெரில. இதுல ஊத்தினா மஞ்சளா தெரிது பாரு. நீதான் மருந்துத் தண்ணில வேலை செய்றியே, இன்னா இதுன்னு சொல்லேன்."

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, செல்வி. வருஷக்கணக்காக என் நகத்தில் இருந்த நிறம் அது. "துருவா இருக்கும் ஞானம். புது மழைத் தண்ணி எறங்கி இருக்கு, அடங்கிடும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

நான் சொல்ல வெட்கப்படுவது பள்ளத்தைப் பற்றிக்கூட அல்ல. அது தெரியாமல் செய்தது. இதற்குப் பிறகு செய்தது தெரிந்தே செய்தது. அன்று மாலை உன் அம்மாவிடம், இனி குடிக்கிற தண்ணீரைப் பிள்ளையார் கோயில் கிணற்றிலிருந்து எடு என்றேன். அது நாலு தெரு தள்ளி. ஏன் என்று கேட்டாள். ஞானத்தின் கிணற்றில் எலி விழுந்ததாகச் சொன்னேன். என் வீட்டுக்கு மட்டும் வழி பார்த்துக்கொண்டு, பத்துக் குடும்பத்தை அந்தத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன். வேலை போய்விடுமே என்று பயம். ஃபோர்மேன் என்று கூப்பிடுகிறார்களே, அதுவும் போய்விடுமே என்று பயம்.

அந்த நாட்களில் உனக்கு வாயெல்லாம் புண்ணாகி, சாப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாய். நினைவிருக்கிறதோ இல்லையோ. ஆவடியில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். தண்ணீர்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மருந்து கொடுத்து, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் டாக்டரின் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து உன்னைப் படுக்கவைத்துவிட்டு, என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எலி கிலின்னு சொன்னியே, அது பொய்யி. இந்தக் கலருதான் அந்தக் கெணத்துல கீது."

நான் தலையை ஆட்டினேன்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"ஞானத்தோட ரெண்டு புள்ளைங்களும் அதைத்தான் குடிச்சிகினு கீது. நம்ம புள்ளைக்கு மட்டும் நான் கோயில் கெணத்துக்குப் போறேன். அந்தப் பாவத்தை என்னையும் சேத்து செய்ய வெச்சிட்ட." குரலைக்கூட உயர்த்தவில்லை அவள். "நீ போய்ச் சொல்றியா, நான் போவட்டுமா?"

அந்த ஒரு கேள்விக்காக உன் அம்மாவுக்கு நான் சாகும்வரை நன்றி சொல்ல வேண்டும். அவள் போய்ச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது சுலபம். என்னைப் போகவிட்டாள். போனேன். ஞானம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நல்ல இலையை ஒரு பக்கமும் கருகினதை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு. எல்லாவற்றையும் சொன்னேன்: பள்ளம், மணல், கிண்ணத்தில் பார்த்தபோதே தெரிந்தது, பதினாலு நாள் வாயை மூடியிருந்தது. கேட்டு முடித்துவிட்டு உள்ளே போனாள். குடத்துத் தண்ணீரை முற்றத்தில் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்து திரும்பினேன்.

மறுநாள் காலையில் அவளே நம் வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னாள் உன் அம்மா, உட்காரவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அது எந்தப் பக்கம் போவுது?"

பட்டறைக்குள்ளேயே ஒரு கிணறு உண்டு, பள்ளத்துக்கு இருபது அடி தள்ளி, மேற்கே. அதன் தண்ணீர் அன்றைக்கும் தெளிவாக இருந்தது. அப்படியிருக்க, இரண்டு தெரு தாண்டி இருக்கிற ஞானத்தின் கிணறு ஏன் மஞ்சளாக வேண்டும்? அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கெல்லாம் உறை இறக்கின முனுசாமியைக் கூப்பிட்டோம். அவர் ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். மேலே களி, அதற்குக் கீழே ஓராள் உயரத்துக்கு மணல், அதன் அடியில் சுக்கான் பாறை. "தண்ணி நடக்கிறது இந்த நடு மணல்லதான்பா. மேல களி மூடி மாதிரி, கீழ பாறை தரை மாதிரி. நீ மூடியைக் கிழிச்சி உள்ள ஊத்திக்கீற. களியோட நின்னிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது." நான் எதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்து அல்வா வாங்கினேனோ, அதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் ஒரு நீண்ட கயிற்றில் கல்லைக் கட்டி எடுத்துக்கொண்டார். தெருத் தெருவாக ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்தோம். மேடு பள்ளத்துக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துக் கழித்துக்கொண்டார். அளக்க அளக்கப் புரிந்தது. தரை நம் கண்ணுக்குச் சமமாகத்தான் இருக்கிறது. உள்ளே தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே சரிந்து நிற்கிறது. பட்டறைக் கிணறு மேட்டுப் பக்கம், அதனால் தப்பித்தது. மஞ்சள் எல்லாத் திசையிலும் பரவவில்லை. ஓடுகிற தண்ணீரில் விட்ட சாயம் மாதிரி, நீளமாகக் கிழக்கே இழுத்துக்கொண்டு, போகப் போகக் கொஞ்சம் அகலமாகி, ஒரு நாக்கு போலப் போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஞானத்தின் கிணறு. அடுத்த தெருவில், பட்டறையிலிருந்து அதே தூரத்தில் இருந்த கிணறு சுத்தம். ஞானத்துக்குக் கிழக்கே ஐந்து வீட்டுக் கிணறு, இன்னும் நிறம் மாறாமல், வரிசையில் காத்துக்கொண்டிருந்தது.

"அந்த அஞ்சு ஊட்டுலயும் சொல்லணும்" என்றாள் ஞானம். "என் கெணத்துல எடுக்கிறவங்ககிட்டயும் சொல்லணும். நீயே சொல்லு அண்ணாத்தே. நான் சொன்னா உன் மேல சண்டைக்கு வருவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. நான் கூட வரேன்."

கூட வந்தாள், செல்வி. பதினைந்து வீட்டுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் பேசி முடிக்கும்வரை ஒரு அடி தள்ளி நின்றாள். ஒரு வீட்டில் என் சட்டையைப் பிடித்தார்கள்; அவள் குறுக்கே வந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள். ஒரு வீட்டில் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வெயிலில் அலைகிறாயே என்று மோர் கொடுத்தார்கள். அந்த மோரைக் குடிக்க முடியாமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். கடைசி வீட்டுக்காரர் சிரித்தார். "எங்க தண்ணி கண்ணாடி மாதிரி கீது, போய் வேலையைப் பாரு" என்றார். அவர் கிணறு மஞ்சளாக ஏழெட்டு மாசம் ஆயிற்று. நல்லவேளை, நான் சொன்னதை அவர் மனைவி மறக்கவில்லை. வாரத்துக்கு ஒருதரம் வெள்ளைப் பீங்கானில் ஊற்றிப் பார்த்திருக்கிறாள். நிறம் தெரிந்த அன்றே நிறுத்திவிட்டார்கள்.

முதலாளியிடம் போனேன். "நம்ம கிணறு நல்லாத்தானே இருக்கு" என்றார். முனுசாமி போட்ட கோட்டை நான் காகிதத்தில் வரைந்து காட்டினேன். அவர் பார்க்கவில்லை. இனிமேல் நான் அதில் கொட்டமாட்டேன், ஆட்களையும் கொட்டச் சொல்லமாட்டேன் என்றேன். அப்படியானால் நாளையிலிருந்து வராதே என்றார். அடுத்த வாரம் தெரு ஜனங்கள் நாற்பது ஐம்பது பேர் பட்டறை வாசலில் வந்து நின்ற பிறகுதான் பள்ளத்தை மூடினார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரசாயனச் சரக்கு விற்கிற கடைக்காரர் ஒருவரிடம் நான் கேட்டுக்கொண்டு வந்த வழியை, வேலையை விட்டு அனுப்பின பிறகும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அந்த மஞ்சள் தண்ணீரில் அன்னபேதியைக் கரைத்தால் பச்சையாகிவிடும்; பிறகு சுண்ணாம்பு போட்டால் விஷம் சேறாக அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற சரக்கு. முதல் நாளிலேயே கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவே இல்லை. எப்படி மறைப்பது என்றுதான் யோசித்தேன்.

வேலை இல்லாமல் இருந்த நாட்களில் ஏசுதாஸ் ஒருநாள் வந்து, "டெப்போல ஹெல்ப்பர் எடுக்கிறாங்க மச்சான். பெரியவர்கிட்ட சொல்லி வெச்சிக்கீறேன். நாளைக்கு சட்டையை மாட்டிகினு வா" என்றான். உன்னால் என் பிள்ளைகள் விஷம் குடித்தன என்று சொல்ல வேண்டிய மனுஷன். என்னால் அவன் வீட்டில் கீரை வியாபாரமே படுத்துவிட்டது. நீ படித்த படிப்பு, வாங்கின பட்டம், நாளைக்கு ஏறப்போகிற பஸ், எல்லாம் அந்த வேலையிலிருந்து வந்தது. உனக்கு இது தெரியவேண்டும்.

பள்ளத்தை மூடினதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதுதான் நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது. யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. ஆனாலும் மஞ்சள் நடந்துகொண்டே இருந்தது. மூடின மூன்றாம் வருஷம்கூட, அதற்குமுன் சுத்தமாக இருந்த ஒரு கிணறு நிறம் மாறியது. கோடையில் ஞானத்தின் கிணறு தெளிந்துவிடும். அப்பாடா என்று இருப்போம். ஐப்பசி மழையில் நீர்மட்டம் ஏறினதும் மேல் மண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது மறுபடி கரைந்து இறங்கும், மறுபடியும் மஞ்சள். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். மண் எதையும் உடனே விடுவதில்லை. இரண்டு வருஷம் ஊற்றினதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து வருஷமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஞானம் கீரை நிலத்தை விட்டுவிட்டாள். பூந்தமல்லி சந்தையில் காய் வாங்கிவந்து விற்றாள். தெருவுக்குக் குழாய் வரும்வரை உன் அம்மாவும் அவளும் காலையில் ஒன்றாகக் கோயில் கிணற்றுக்கு நடந்தார்கள், இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. அந்த நடையில்தான் அவர்கள் அக்கா தங்கை ஆனார்கள். எனக்கு அதில் பங்கு இல்லை. ஆனால் அதைப் பார்க்கக் கொடுத்துவைத்தேன்.

உன் வாய்ப்புண் இரண்டு மாசத்தில் ஆறியது. கிணறு கெட்டது உனக்குத் தெரியும்; கெடுத்தது யார் என்பது உன் காதில் விழாமல் பார்த்துக்கொண்டோம். ஞானத்தின் பிள்ளைகளும் நன்றாக வளர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை அவர்களைத் தெருவில் பார்க்கும்போதும் யாருக்கென்று தெரியாமல் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

நீ என்னைவிடப் படித்தவள். நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதையெல்லாம் நீ புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதிவிட்டாய். அதனால் வேலையைப்பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று. நீயும் ஒருநாள் தப்பு செய்வாய். கையால் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்கிறோம். தெரிந்த அன்றே சொல்லிவிடு. நான் தாமதித்த பதினாலு நாளை எனக்கு யாராலும் திருப்பித் தர முடியவில்லை. சொன்னால் எல்லோரும் அடிக்கத்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். சிலர் வந்தார்கள். ஆனால் மோர் கொடுத்தவர்களும், கூட நடந்தவளும், வேலைக்குக் கூப்பிட்டவனும் சொன்ன பிறகுதான் எனக்குக் கிடைத்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் இப்படிப்பட்ட மனுஷர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள் என்று தெரியாமலே செத்திருப்பேன்.

ஏரிப் பக்கம், ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்த மனையில் யாரோ புதிதாக வீடு கட்டுகிறார்கள். திருத்தணிப் பக்கத்து ஆட்களாம். கிணற்றுக்கு இடம் குறித்துச் சுண்ணாம்பு போட்டிருக்கிறார்கள். நேற்று சைக்கிளில் போகும்போது பார்த்தேன். அந்த இடம் மஞ்சள் போகிற அந்த வரிசையில்தான் வருகிறது. அவர்களுக்கு என்னைத் தெரியாது, இந்தக் கதையும் தெரியாது. நாளைக் காலையில் உன்னை பஸ் ஏற்றிவிட்டு நேராக அங்கேதான் போகிறேன். ஞானமும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

உன்
நைனா